பதிப்பகமா, சொந்தப் பதிப்பா? கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு கணக்கு

என் கட்டிலுக்கு அடியில் ஏழு அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. பெட்டிக்கு 40 பிரதிகள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குக் காசு கொடுத்து வெளியிட்ட என் முதல் சிறுகதைத் தொகுப்பு. 500 பிரதிகளும் பன்னிரண்டு முழுப் பெட்டிகளாகவும் ஓர் அரைப் பெட்டியாகவும் வந்து இறங்கிய அன்று கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முதல் பெட்டியைச் சமையலறைக் கத்தியால் கிழித்தபோது குப்பென்று எழுந்த மையும் பசையும் கலந்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. இதுவரை 220 பிரதிகள் வெளியே போயிருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் நானே கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கொடுத்தவை. வாங்கிக்கொண்டவர்களிடம் படித்தீர்களா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு என் நாவல் ஒன்றை ஒரு பதிப்பகம் வெளியிட்டது. அடுத்து வந்த கட்டுரைத் தொகுப்பை நானே வெளியிட்டேன். மூன்று புத்தகம், மூன்று வழி. அதனால்தானோ என்னவோ, கைப்பிரதியை முடித்தவர்கள் என்னிடம் வந்து எந்த வழி நல்லது என்று கேட்கிறார்கள். பேச்சு இரண்டாவது நிமிடத்தில் ராயல்டிக்கு, அதாவது விற்ற பிரதியில் எழுத்தாளருக்கு வரும் பங்குக்கு, போய்விடும். பதிப்பகம் தரும் பத்து சதவீதமா, சொந்தப் பதிப்பின் அறுபதா, எழுபதா? இந்த எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் பதிப்பகத்தின் வாசலில் நிற்பவர்கள் எல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் என்றுதான் தோன்றும். விற்காத புத்தகத்தில் எழுபது சதவீதமும் பூஜ்யம்தான்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. இந்தப் புத்தகத்தின் முதல் 200 பிரதிகளை வாங்கப்போகிறவர்கள் யார்? அவர்களிடம் போய்ச் சேரும் பாதை உங்கள் கையில் இருக்கிறதா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா? விற்காமல் நின்றுபோனால் பெட்டிகள் யார் வீட்டில் கிடக்கும்? என் முதல் புத்தகத்தின்போது இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் யோசிக்கவில்லை.

காசு கொடுத்துப் பதிப்பிக்கப்படுவது

இதை முதலில் பேசித் தள்ளிவிடுகிறேன். நான் ஏமாந்த இடம் என்பதால் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

"உங்கள் படைப்பை எங்கள் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்திருக்கிறது" என்று ஒரு கடிதம் வரும். எனக்குக் கைப்பிரதி அனுப்பிய மூன்றாம் நாளே வந்தது. 180 பக்கத்தை மூன்று நாளில் படித்து முடிவெடுத்துவிட்டார்களே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பெருமை. அடுத்த கடிதத்தில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று திட்டங்கள். மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன், காப்புரிமைப் பதிவு, உலகளாவிய விநியோகம். நான் தங்கம் எடுத்தேன்.

அந்தத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். காப்புரிமையை யாரும் உங்களுக்கு வாங்கித்தர வேண்டியதில்லை. 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில், எழுதியவுடனேயே அது உங்களுடையது. பதிவு அதற்கு நிபந்தனை அல்ல. வழக்கு என்று வரும்போது பதிவு துணை நிற்கலாம், அவ்வளவே. ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண். 2007க்கு முன் பத்து இலக்கமாக இருந்தது. சில நாடுகளில் இலவசமாகவே தருகிறார்கள், சில நாடுகளில் விலைக்கு வாங்க வேண்டும். யார் பெயரில் எடுக்கப்படுகிறதோ அவர்தான் பதிவேடுகளில் பதிப்பாளர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தால் போதும். உலகளாவிய விநியோகம் என்றால் இணையக் கடைகளில் புத்தகத்தைப் பட்டியலிடுவது. ஒரு பிற்பகல் வேலை. கடையின் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, கடைக்காரர் கையில் எடுத்து ஒருவரிடம் நீட்டுவது வேறு.

இதில் உண்மையான உழைப்பு தேவைப்படுபவை மெய்ப்பும் அட்டையும் மட்டுமே. மெய்ப்புப் பார்த்த லட்சணம், என் முன்னுரையின் முதல் வரியிலேயே என் ஊர்ப்பெயர் தவறாக அச்சானது.

காசு கொடுத்து வேலை வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. நல்ல எடிட்டருக்கும் அட்டை ஓவியருக்கும் கூலி கொடுப்பது நியாயமான செலவு. வேலை முடிந்ததும் புத்தகம் முழுக்க உங்களுடையது. கோளாறு எங்கே என்றால், செலவும் உங்களுடையதாக இருக்கும்போதே உரிமையையும் எழுதிக்கொடுக்கச் சொல்லும் இடத்தில். முழுச் செலவையும் நான் கொடுத்த பிறகும் என் ஒப்பந்தத்தில் எனக்கு ராயல்டி 15 சதவீதம் என்றுதான் எழுதியிருந்தது. மீதி 85 எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. பதிப்பாளர் என்று சொல்லிக்கொள்பவர் புத்தகம் விற்றுச் சம்பாதிக்கிறாரா, எழுத்தாளரிடம் வசூலித்துச் சம்பாதிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், அச்சகத்தை விட்டுப் பிரதிகள் கிளம்பும்போதே அவர் லாபம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

இந்த விற்பனையாளர்களிடம் மேதைகளின் பட்டியல் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். மார்செல் புரூஸ்ட் தன் பெரும் நாவலின் முதல் பாகத்தை 1913இல் சொந்தச் செலவில்தானே வெளியிட்டார்? பியாட்ரிக்ஸ் பாட்டர் தன் முயல் கதையை 1901இல் தானே அச்சிடவில்லையா? எல்லாம் உண்மைதான். பாட்டர் அச்சிட்டது 250 பிரதிகள் என்பதையும், மறு ஆண்டே வார்ன் நிறுவனம் அதைத் தன் செலவில் வண்ணப் படங்களோடு கொண்டுவந்தது என்பதையும் மட்டும் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

பதிப்பகம் தருவதும் தராததும்

என் நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டபோது எனக்குக் கிடைத்தவற்றில் விலைமதிப்பில்லாதது ஒரு பென்சில் குறிப்பு. 23ஆம் பக்கத்தின் ஓரத்தில் எடிட்டர் எழுதியிருந்தார்: "கதை இங்கே தொடங்குகிறது." அதற்கு முந்தைய 22 பக்கங்களும் நான் ஓராண்டு இழைத்து இழைத்து எழுதியவை. இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு அந்த 22 பக்கங்களை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. காசு வாங்கிக்கொண்டு அச்சிடுபவர் இதை எழுதவே மாட்டார். பக்கம் குறைந்தால் அவர் வசூலும் குறையும்.

எடிட்டிங், தாள், அச்சு, கிடங்கு, கடைகளுக்கு அனுப்புவது, மதிப்புரைக்குப் பிரதி தருவது என எல்லாச் செலவும் பதிப்பகத்தின் தலையில். அதற்கு ஈடாகத்தான் ராயல்டி சிறியதாக இருக்கிறது. ஆங்கிலப் பதிப்புலகின் வழக்கத்தில் கெட்டி அட்டைக்கு 10 முதல் 15 சதவீதம், சாதா அட்டைக்கு ஏறத்தாழ 7.5, மின்நூலுக்குப் பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகையில் 25. இடையில் முகவர் இருந்தால் உங்கள் பங்கில் 15 சதவீதம் அவருக்கு. முன்பணம் என்று தருவது, வரவேண்டிய ராயல்டியை முன்னதாகவே கொடுப்பது. அது கழியும்வரை வேறு காசு வராது. வழக்கமான ஒப்பந்தங்களில், புத்தகம் ஓடாவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

காத்திருப்புதான் பெரிய விலை. கைப்பிரதிக்குப் பதில் வரவே மாதங்கள் ஆகும், சில இடங்களில் பதிலே வராது. பெரிய நிறுவனங்களில் ஏற்பிலிருந்து வெளியீடு வரை ஓராண்டு, இரண்டாண்டு போவது சாதாரணம். நடப்பு விவகாரத்தைப் பற்றிய புத்தகம் என்றால் வெளிவரும்போது விவகாரமே ஆறிப்போயிருக்கும்.

ராயல்டிக் கணக்கு வரும் நாளில் இன்னொரு பாடம் கிடைக்கும். எனக்கு இரண்டாவது அரையாண்டில் வந்த தாளில் விற்பனை 64, திரும்பி வந்தவை 71, நிகரம் கழித்தல் 7 என்று இருந்தது. ஆறு மாதம் முழுக்க என் புத்தகம் பின்னோக்கி விற்றிருக்கிறது! முதல் அரையாண்டில் விற்றதாகக் காட்டப்பட்டவை உண்மையில் கடை அலமாரிகளுக்குப் போனவை மட்டுமே. விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்கப் பதிப்பகங்களிடம் வேரூன்றியது. மந்தம் போயும் ஏற்பாடு போகவில்லை. ஆகவே "முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது" என்று கேள்விப்பட்டதும் வாசகர் கைக்குப் போய்விட்டது என்று பூரித்துவிடாதீர்கள்.

பதிப்பகம் வாசகர்களைத் தேடித்தரும் என்பதும் பாதி உண்மைதான். உங்கள் புத்தகம் வெளியாகும் மாதத்திலேயே அவர்களுடைய வேறு பல புத்தகங்களும் வெளியாகின்றன. விளம்பரக் காசு ஏற்கெனவே பெயர் பெற்ற ஒன்றிரண்டு பேருக்குப் போகும். மற்றவர்களுக்குச் சில வாரம் கடை அலமாரியில் முகம் காட்டும் வாய்ப்பு, பிறகு முதுகு மட்டும். அந்தச் சில வாரங்களுக்குள் பேச்சை எழுப்ப வேண்டியவர் நீங்கள்தான். என் பதிப்பாளர் இதை முதல் சந்திப்பிலேயே சொன்னார். நான்தான் அடக்கமாகச் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ராயல்டி எண்ணைவிட வேறு சிலவற்றைப் பாருங்கள். சதவீதம் அட்டையில் போட்ட விலையிலா, கடைக்காரரின் கழிவு போக மிஞ்சும் தொகையிலா? இரண்டுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் வரலாம். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் சேர்த்துக் கேட்கிறார்களா? கேட்டால், அவற்றை என்ன செய்யப்போகிறார்கள்? எல்லாவற்றையும்விட முக்கியம், உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற பிரிவு. பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பும் என்று முன்பெல்லாம் எழுதுவார்கள். மின்நூல் இருக்கும் காலத்தில் எந்தப் புத்தகமும் 'தீர்ந்துபோவதே' இல்லை. ஓர் ஆண்டில் இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்ப வேண்டும் என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். நான் கேட்டபோது சற்று முகம் சுளித்தார்கள். ஆனால் எழுதித் தந்தார்கள்.

சொந்தப் பதிப்பின் கணக்கு

சொந்தமாக வெளியிடுவதிலும் இரண்டு வகை உண்டு. மொத்தமாக ஆஃப்செட்டில் அடித்து வைத்துக்கொள்வது ஒன்று. ஆர்டர் வர வர ஒவ்வொன்றாக அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் இன்னொன்று. ஆஃப்செட்டில் எண்ணிக்கை ஏற ஏறப் பிரதிக்கு ஆகும் செலவு இறங்கும். அச்சகத்தில் 500க்கு ஒரு விலை சொல்லிவிட்டு, ஆயிரம் போட்டால் இவ்வளவுதான் என்று அடுத்த விலையைச் சொல்வார்கள். அந்த இரண்டாவது விலையில்தான் எல்லோரும் விழுகிறோம். அச்சிட்டு வாங்கும் கூலி குறைகிறதே தவிர வாசகர்கள் கூடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம்; எந்த நாணயமானாலும் சரி. ஆயிரம் பிரதி ஆஃப்செட்டில் அடித்தால் பிரதிக்கு 25 செலவு. விற்பவருக்குக் கழிவு 40. உங்கள் கைக்கு 60. ஒவ்வொன்றாக அச்சிட்டால் பிரதிக்கு 35 ஆகிறது. தளத்தின் பங்கும் போக உங்களுக்கு 25 மிஞ்சுகிறது. பதிப்பகம் என்றால் ராயல்டி 10.

ஆயிரமும் விற்றால் ஆஃப்செட்டில் 35,000 லாபம், ஒவ்வொன்றாக அச்சிட்டதில் 25,000, பதிப்பகத்தில் 10,000. ஆஃப்செட்டே ராஜா. சரி, 400தான் விற்றது என்றால்? ஆஃப்செட்டில் வரவு 24,000, அச்சுச் செலவோ 25,000. ஆயிரம் நஷ்டம், கூடவே 600 பிரதிகள் வீட்டில். ஒவ்வொன்றாக அச்சிட்டவருக்கு 10,000 லாபம். பதிப்பகத்தோடு போனவருக்கு 4,000, தலைவலி இல்லாமல். இந்த எண்களின்படி ஆஃப்செட் முந்த வேண்டுமானால் 715 பிரதியாவது விற்க வேண்டும். அந்த 715 பேரை உங்களுக்குத் தெரியுமா? என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளின் கதை இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். இதில் எடிட்டர் கூலியும் அட்டைச் செலவும் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவை ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாதவை.

மின்நூலில் அச்சுச் செலவு இல்லை என்பதால் பங்கு பெரியது. அமேசானின் சொந்தப் பதிப்புத் தளமான கேடிபியில் 35 சதவீதம், 70 சதவீதம் என இரண்டு திட்டங்கள். எழுபது வேண்டுமானால் விலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் 2.99 முதல் 9.99 டாலர். கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் மாதச் சந்தாவில் படிப்பவர்களும் உங்கள் புத்தகத்தைத் திறப்பார்கள், அவர்கள் படித்த பக்கங்களை எண்ணிப் பணம் வரும். பதிலுக்கு 90 நாள் அந்த மின்நூலை வேறு எங்கும் வைக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. கால அவகாசம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்றால் நீங்கள் போய்க் குறியை எடுக்க வேண்டும். ஒரே கடையில் எல்லா முட்டையையும் வைப்பதா என்று தயங்குபவர்களுக்கு என் பரிந்துரை: யாருக்கும் தெரியாத புது எழுத்தாளர் முதல் 90 நாள் வைத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே வாசகர் உள்ளவர் கட்டுப்பட வேண்டிய தேவை இல்லை.

சொந்தப் பதிப்பில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள் என்பதே பெரிய ஆபத்து. என் கட்டுரைத் தொகுப்பைச் சரிபார்க்க வரவழைத்த சான்றுப் பிரதி கைக்கு வந்தபோது அட்டையைப் பார்த்து மகிழ்ந்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். இடப்பக்கத்து வரிகளின் கடைசிச் சொற்கள் முதுகுக்குள் வழிந்து மறைந்திருந்தன. இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிளந்து பிடித்தால்தான் படிக்க முடிந்தது. 320 பக்கப் புத்தகத்துக்கு, மெல்லிய புத்தகத்துக்கான உள் ஓரத்தை விட்டிருந்தேன். கேடிபியின் விதிப்படி 150 பக்கம் வரை உள் ஓரம் குறைந்தது 0.375 அங்குலம், 300ஐத் தாண்டினால் 0.625. வித்தியாசம் கால் அங்குலம்தான். சான்றுப் பிரதி வரவழைக்காமல் விட்டிருந்தால் வாங்கியவர்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே படித்திருப்பார்கள், அல்லது படித்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: பக்க வடிவமைப்பாளரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் வாங்குங்கள். இரண்டாம் பதிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த அவரைத் தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முன்பதிவு என்ற பழைய வழி

பெட்டிகளின் பயத்துக்கு நல்ல மருந்து, அச்சிடும் முன்பே வாங்குபவரைக் கண்டுபிடிப்பது. புதுமை ஒன்றும் இல்லை. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1715 முதல் ஹோமரின் மொழிபெயர்ப்பைச் சந்தாதாரர்களின் முன்பணத்தில்தான் கொண்டுவந்தார். நம் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் ஆர்வலர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். ஏட்டுச் சுவடியும் கையுமாக அலைந்தது எல்லோருக்கும் தெரியும். கையொப்பப் பட்டியலும் கையுமாக அலைந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இன்றைய பெரிய உதாரணம் அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன். 2022 மார்ச்சில் நான்கு நாவல்களுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பதிவு திறந்து 4.17 கோடி டாலர் திரட்டினார், 1.85 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். இதைப் படித்துவிட்டு உடனே ஒரு பக்கம் திறந்துவிட வேண்டாம். அவருடைய முதல் நாவலைப் பதிப்பகம் வெளியிட்டது 2005இல். பதினேழு ஆண்டு சேர்த்த வாசகர்களை ஒரே மாதத்தில் ஒரே இடத்துக்கு அழைத்தார். சேர்ந்திருக்கும் கூட்டத்தை எண்ணிக் காட்டத்தான் முன்பதிவு உதவும். இல்லாத கூட்டத்தை அது வரவழைக்காது.

இன்னொரு வகையிலும் முன்பதிவு எனக்குப் பிடிக்கும். அது நேர்மையாகப் பதில் சொல்லும். "வந்ததும் கண்டிப்பாக வாங்குகிறேன்" என்று சொல்வதற்கும் இன்றே பணம் அனுப்புவதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு என் நெருங்கிய நண்பர்கள் காட்டினார்கள். மூன்றாம் புத்தகத்துக்கு முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் நான் முகம் அறியாதவர்கள். அவர்களை எனக்குத் தந்தது அடுத்துச் சொல்லப்போகும் விஷயம்.

வாசகரை எங்கே சேர்ப்பது

சமூக ஊடகமா, மின்னஞ்சல் பட்டியலா, தொடராக எழுதுவதா, மேடையா? நான் நான்கையும் செய்து பார்த்தவன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மின்னஞ்சல் பட்டியல். ஃபேஸ்புக்கில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடரலாம், ஆனால் நீங்கள் எழுதியதை அவர்களில் யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல. கணக்கு முடக்கப்பட்டால் கூட்டமும் போயிற்று. மின்னஞ்சல் முகவரிகள் ஒரு கோப்பாக உங்களிடம் இருக்கும். சேவையை மாற்றினாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். நான் மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறேன். புத்தகத்தை வாங்குங்கள் என்ற கடிதம் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் போவதில்லை. மற்றவற்றில் அந்த மாதம் படித்தது, எழுதும்போது தடுக்கிய இடம், அடித்துத் தள்ளிய பத்தி. அந்த அடித்துத் தள்ளிய பத்திகளுக்குத்தான் அதிகப் பதில் வருகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சமூக ஊடகம் வேண்டாம் என்பதில்லை. புதியவர் கண்ணில் படும் இடம் அதுதான். அங்கே கண்ணில் பட்டவரைப் பட்டியலுக்குள் அழைத்துவருவதுதான் வேலை. பலர் தெருவிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுக் கதவைத் திறப்பதே இல்லை.

தொடராக எழுதுவதன் பலம் தனி. 1836இல் டிக்கன்ஸின் முதல் தொடர் நாவல் மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியபோது ஆயிரம் பிரதிகள்கூடத் தாராளம் என்ற நிலை. முடியும்போது மாதம் 40,000. கல்கி தன் இதழிலேயே 1950 முதல் 1954 வரை எழுதிய சோழர் கதையின் வாசகர்கள் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் தொடர்கிறார்கள். ஆண்டி வியர் தன் செவ்வாய்க் கிரக நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டார். படித்தவர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், பிறகு கிண்டிலில் கேட்டார்கள். அங்கே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு வைத்தார். அதன் விற்பனையைப் பார்த்துத்தான் பதிப்பகம் வந்து 2014இல் அச்சில் கொண்டுவந்தது. அவர் கதையில் சொந்தப் பதிப்பும் பதிப்பகமும் எதிரெதிர் வழிகளே அல்ல, ஒன்றுக்குப் பின் ஒன்று.

இதில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் முழுதாக வந்ததை 'ஏற்கெனவே வெளியானது' என்று ஒதுக்கும் இதழ்களும் பதிப்பகங்களும் உண்டு. பதிப்பகம்தான் இலக்கு என்றால் சில அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேச்சு கைவருபவர்கள் மேடை போடுங்கள், வராதவர்கள் விட்டுவிடுங்கள். வெளியீட்டு விழாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல எடிட்டர் ஒருவருக்கு ஒரு மாதக் கூலி கொடுக்கலாம் என்பது என் கட்சி.

எந்தக் கைப்பிரதிக்கு எது

நாவல், அதுவும் முதல் நாவல் என்றால் பதிப்பகங்களுக்கு அனுப்புங்கள். புனைவு வாசகரை நீங்கள் தனியாகத் தேடிப் பிடிப்பது கடினம். கடையிலும் நூலகத்திலும் தற்செயலாகக் கையில் எடுப்பவர்தான் அதிகம். அந்தத் தற்செயலை ஏற்பாடு செய்யும் வசதி பதிப்பகத்துக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. கைமேல் ஓர் எடிட்டரும் கிடைப்பார்.

தொழில், நோய், தேர்வு, தோட்டம் என ஒரு குறிப்பிட்ட தேவையைத் தீர்க்கும் புத்தகம் என்றால் சொந்தப் பதிப்பே மேல். அதைத் தேடுபவர் தலைப்பைச் சொல்லித் தேடுகிறார், எழுத்தாளரின் பெயரை அல்ல. அப்படிப்பட்ட புத்தகத்தில் தகவல் பழசாகும்போது மறுநாளே திருத்திப் போடும் வசதியும் உங்களுக்கு இருக்க வேண்டும். கவிதை என்றால் சிறு பதிப்பகம், அல்லது முன்பதிவு வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அச்சு. குழந்தைகளுக்கான வண்ணப் படப் புத்தகத்தை ஒவ்வொன்றாக அச்சிட்டால் வண்ண அச்சுச் செலவே விலையை விழுங்கிவிடும். அதற்குப் பதிப்பகம் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. குடும்பத்துக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பை ஐம்பது பிரதி ஒவ்வொன்றாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை, அதன் வாசகர்கள் யார் என்று எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது.

என் அடுத்த நாவல் இப்போது இரண்டு பதிப்பகங்களின் மேசையில் இருக்கிறது. ஆறு மாதம் கெடு வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மூன்றாவது ஒன்றுக்குப் போகும், அச்சகத்துக்கு அல்ல. அடுத்த கட்டுரைத் தொகுப்பு மட்டும் என் கையிலேயே. அதற்கு முன்பதிவு அறிவிக்கும் கடிதத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்தேன்.

போன கட்டுரைத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தேன்: இதே ஆசிரியரின் சிறுகதைத் தொகுப்பும் கிடைக்கிறது, வேண்டுவோர் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று. மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள். முன்னுரையில் பிழையாக அச்சான என் ஊர்ப்பெயரைப் பேனாவால் திருத்தி, உறையில் போட்டு அனுப்புகிறேன். மிச்சமிருந்த எட்டில் ஒரு பெட்டி சென்ற மாதம்தான் காலியானது.